கணக்குக்குள் இருக்கும் கருத்து: பத்துப் பதினைந்து ஆண்டுக்குப் பிந்தைய மின்தேவையை எப்படிக் கணிக்கிறார்கள்?

மத்திய மின்சார ஆணையம் 2011-இல் வெளியிட்ட 18-வது மின்சக்தி ஆய்வறிக்கை, 2021-22-இல் இந்தியாவின் உச்ச மின்தேவை 2,83,470 மெகாவாட்டாக இருக்கும் என்றது. அந்த ஆண்டில் பதிவான உச்சத் தேவை 2,03,014 மெகாவாட்தான். வித்தியாசம் ஏறத்தாழ 80,000 மெகாவாட். தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024-இல்தான் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது என்பதை வைத்துப் பார்த்தால், நான்கு தமிழ்நாடுகளுக்குத் தேவையான மின்சாரம் காகிதத்தில் மட்டுமே இருந்திருக்கிறது.

கொரோனாதான் காரணம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அதே அறிக்கை 2016-17-க்குச் சொன்ன அளவு 1,99,540 மெகாவாட், வந்தது 1,59,542. பெருந்தொற்று வருவதற்கு வெகுமுன்பே, அறிக்கை வெளியாகி ஐந்தே ஆண்டுகளில், கணிப்பு 25 சதவீதம் மிகையாகிவிட்டது.

இப்படிப்பட்ட தவறு அறிக்கையோடு நின்றுவிடுவதில்லை. ஓர் அனல்மின் நிலையத்துக்கு நிலம் எடுத்து, அனுமதி வாங்கி, கட்டி முடித்து முதல் யூனிட்டை எடுக்கப் பல ஆண்டுகள் ஆகும். விநியோக நிறுவனம் அதனோடு போடும் ஒப்பந்தம் பெரும்பாலும் 25 ஆண்டுக்கானது. அந்த ஒப்பந்தத்தில் இரண்டு வகைக் கட்டணம் உண்டு: வாங்கும் யூனிட்டுக்கு ஒன்று, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கட்டியே ஆகவேண்டிய நிலைக்கட்டணம் இன்னொன்று. தேவை வராமல் போனால் சும்மா நிற்கும் நிலையத்துக்கான பணம் கடைசியில் வீட்டு மின்கட்டணத்திலோ அரசு மானியத்திலோ வந்து விழும். 2009-10-இல் 77 சதவீதத்துக்குமேல் இருந்த இந்திய அனல்மின் நிலையங்களின் பயன்பாட்டு விகிதம் 2016-17-இல் 60 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. 2018-இல் நாடாளுமன்ற நிலைக்குழு 34 அனல்மின் திட்டங்கள் நெருக்கடியில் இருப்பதாகப் பட்டியலிட்டது; அவற்றின் மொத்தத் திறன் ஏறத்தாழ 40,000 மெகாவாட். நிலக்கரி கிடைக்காதது, மின்கொள்முதல் ஒப்பந்தம் அமையாதது எனப் பல காரணங்கள் அதில் உண்டு. ஆனால் வரப்போகும் தேவை பற்றிய பெருநம்பிக்கை இல்லாமல் இத்தனை நிலையங்களுக்கு வங்கிகள் கடன் கொடுத்திருக்காது.

மறுபக்கத் தவறு எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2008 முடிவில் கொண்டுவந்த கட்டுப்பாடுகள், பீக் ஹவரில் ஆலைகள் மெஷினை நிறுத்திவைத்த ஆண்டுகள், 2012-இல் சென்னைக்கு வெளியே நாள் முழுக்க விட்டுவிட்டு வந்த மின்வெட்டு எல்லாம் நினைவில் இருக்கின்றன. கோவையிலும் திருப்பூரிலும் அந்த ஆண்டுகளில் சிறுதொழில் நடத்தியவர்களிடம் கேட்டால், தேவைக்குமுன் நிலையம் கட்டாமல் விட்டதன் விலையைச் சொல்வார்கள்.

இரண்டு தவறும் இவ்வளவு விலை வாங்குவதால், இந்தக் கணிப்பு எப்படிப் பிறக்கிறது என்பது பொறியாளர்களுக்கு மட்டுமான விஷயமில்லை.

பாடப்புத்தகங்கள் தேவைக் கணிப்பு முறைகளை இரண்டு பெட்டிகளில் போடும். ஒன்றில் கருத்துசார் முறைகள்: நிபுணர்களைக் கேட்பது, விற்பனைக் களத்தில் இருப்பவர்களின் மதிப்பீட்டைத் திரட்டுவது, வாடிக்கையாளரிடம் ஆய்வு நடத்துவது, எதிர்காலக் காட்சிகள் வரைவது. மற்றதில் எண்சார் முறைகள்: பழைய தரவின் போக்கை நீட்டுவது, வருமானம், விலை ஆகியவற்றோடு தேவையை இணைக்கும் பொருளாதாரச் சமன்பாடுகள், இறுதிப் பயன்பாட்டைக் கூட்டிக் கணக்கிடுவது. தரவு இருந்தால் எண்முறை, இல்லையென்றால் கருத்துமுறை என்று ஒரு விதியும் சொல்வார்கள். அடுத்த வார லோடை, அதாவது மின்சுமையை, கணிக்கிறவருக்கு இந்தப் பிரிவு பொருந்தும். பத்து, பதினைந்து ஆண்டுக் கணிப்பில் இது குலைந்துவிடுகிறது. அங்கே எந்த எண்முறையைத் திறந்து பார்த்தாலும் உள்ளே யாரோ ஒருவரின் கருத்துதான் பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. வெளிப்படையாகக் கேட்டு வாங்கிய கருத்துக்குக் கேள்வி கேட்க ஆள் உண்டு. சமன்பாட்டுக்குள் போய்விட்ட கருத்தை யாரும் கேட்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

மின்சக்தி ஆய்வையே எடுத்துக்கொள்ளலாம். அது நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் முறைக்குப் பகுதி இறுதிப் பயன்பாட்டு முறை என்று பெயர். ஒவ்வொரு மாநிலத்திலும் வீடு, கடை, தெருவிளக்கு, குடிநீர்த் திட்டம், பாசனப் பம்ப்செட், எல்.டி. (தாழ்வழுத்த) தொழில், எச்.டி. (உயரழுத்த) தொழில், ரயில்வே என்று நுகர்வோரைப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் எத்தனை இணைப்பு, ஓர் இணைப்புக்கு எத்தனை யூனிட் என்று தனித்தனியாக வளர்த்துக் கூட்டுவார்கள். கூடவே பொருளாதாரச் சமன்பாடு வழியாகவும் ஒரு கணிப்பைப் போட்டுப் பார்ப்பதுண்டு. நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரே கோட்டை நீட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். யார், எதற்கு மின்சாரம் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்காமல் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது.

கற்பனையாக ஒரு மின்பகிர்மான வட்டம். 5 லட்சம் வீட்டு இணைப்புகள். ஓர் இணைப்புக்கு ஆண்டுக்கு 1,200 யூனிட். மொத்தம் 60 கோடி யூனிட். இணைப்புகள் ஆண்டுக்கு 3 சதவீதமும், ஒரு வீட்டின் பயன்பாடு 4 சதவீதமும் கூடும் என்று வைத்தால் பத்து ஆண்டில் 119 கோடி யூனிட் வரும். அந்த 4 சதவீதத்தை 5 ஆக்கினால் 131 கோடி. ஒரே ஒரு சதவீதம், 12 கோடி யூனிட். இந்த 4-ஐயோ 5-ஐயோ தீர்மானிப்பது யார்? பழைய புள்ளிவிவரம் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் எத்தனை வீடுகள் ஏசி வாங்கும், பழைய மின்விசிறி எப்போது மாறும், கட்டணம் ஏறினால் எவ்வளவு சுருக்குவார்கள் என்பதெல்லாம் மேசையில் உட்கார்ந்து ஒருவர் எடுக்கும் முடிவுதான். விரிதாளில் அது மூன்று இலக்கத் தசமத்தோடு நிற்பதால் அளந்து எடுத்த எண் போலத் தோன்றுகிறது.

எச்.டி. தொழில் வரிசை இன்னும் சுவாரசியமானது. 1 மெகாவாட்டும் அதற்கு மேலும் வாங்கும் ஆலைகளைத் தனித்தனியாகக் கணக்கில் எடுப்பது இந்த முறையின் வழக்கம். அடுத்த சில ஆண்டுகளில் எவ்வளவு விரிவாக்கம், எவ்வளவு கூடுதல் லோடு என்ற விவரம் வந்து சேர்கிறது. அதாவது, எண்முறை என்று பெயர் சூட்டிய கணக்கின் மிகப்பெரிய வரிசைகளில் ஒன்று, ஆலை நடத்துபவரின் எதிர்பார்ப்பு. ‘அடுத்த மூன்று ஆண்டில் இரண்டாவது ஆலை போடப்போகிறோம்’ என்று சொல்வதால் அவருக்கு எந்த நட்டமும் இல்லை. குறைத்துச் சொன்னால் பிறகு லோடு கிடைக்காமல் போகலாம் என்ற அச்சம் உண்டு. எல்லா ஆலைகளும் இப்படிச் சற்றே தூக்கிச் சொன்னால், கூட்டுத்தொகை எவருடைய எதிர்பார்ப்பையும்விடப் பெரிதாகிவிடும். ஏனென்றால் அவர்களில் சிலர் ஒருவர் சந்தையை ஒருவர் பிடிக்கப் போட்டியிடுகிறவர்கள். எல்லோருடைய விரிவாக்கமும் ஒருசேர நடக்காது.

விற்பனை யூனிட்டைக் கூட்டியபின் இன்னும் இரண்டு படிகள் இருக்கின்றன. மின்கடத்தலிலும் விநியோகத்திலும் போகும் இழப்பைச் சேர்க்கவேண்டும். பிறகு சராசரித் தேவையைச் சுமைக் காரணியால், அதாவது சராசரித் தேவை உச்சத் தேவையில் எத்தனை சதவீதம் என்ற எண்ணால், வகுத்து உச்சத் தேவையை எடுக்கவேண்டும். இரண்டும் சாதாரண வகுத்தல்தான் என்று பலர் தாண்டிப்போய்விடுகிறார்கள். 2017-இல் வந்த 19-வது ஆய்வு 2021-22-க்கு 15,66,023 மில்லியன் யூனிட் என்று கணித்தது. ஆண்டின் 8,760 மணி நேரத்துக்குப் பரப்பினால் சராசரி 1,78,770 மெகாவாட். அது சொன்ன உச்சத் தேவை 2,25,751 மெகாவாட். ஆக, சுமைக் காரணி 79 சதவீதம். அதையே 75 சதவீதம் என்று வைத்திருந்தால், ஒரு யூனிட்கூடக் கூடுதலாக விற்காமலே உச்சத் தேவை 12,600 மெகாவாட் ஏறியிருக்கும். மாலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஏசி ஓடுமா, பம்ப்செட்டுகளைப் பகலுக்கு மாற்றுவார்களா, ஆலைகள் ஷிப்டை மாற்றுமா என்ற கேள்விகளுக்கான பதில் முழுவதும் இந்த ஓர் எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. இழப்பு விகிதத்திலோ வேறொரு சிக்கல்: அதில் பெரும்பாலும் எதிர்பார்ப்பு இருப்பதில்லை, இலக்குதான் இருக்கும். 15 சதவீதம் இழப்பு 10-க்கு இறங்கும் என்று அரசு அறிவித்திருந்தால், கணிப்பில் 10 என்றே போடவேண்டியிருக்கும். இறங்காது என்று எழுதும் துணிச்சல் எந்த அதிகாரிக்கு வரும்?

தரவு உறுதியானது என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயப் பம்ப்செட்டுகள் இருக்கின்றன. 1990-இல் எல்லா உழவர்களுக்கும் இலவச மின்சாரம் வந்தது. மீட்டர் இல்லாத இணைப்புகளே மிகுதி. அவை எவ்வளவு யூனிட் எடுக்கின்றன என்பதை மாதிரி மீட்டர்களின் அளவையும் பம்ப்செட்டுகளின் குதிரைத்திறனையும் வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். ஆண்டறிக்கையில் விவசாயப் பயன்பாடு என்று அச்சாகும் எண் மதிப்பீடுதான். அந்த மதிப்பீடு கூடுதலாக இருந்தால் விநியோக இழப்பு குறைவாகத் தெரியும். குறைவாக இருந்தால் இழப்பு கூடித் தெரியும். எதிர்காலத்தைக் கணிக்கும் முன்பே கடந்தகாலத்தில் ஒரு கருத்து நுழைந்துவிட்டது.

மின்வெட்டு ஆண்டுகளின் தரவு இதைவிடச் சிக்கலானது. 2012-இல் ஒரு விசைத்தறிக் கூடம் டீசல் ஜெனரேட்டரில் ஓடியிருந்தால் அந்த யூனிட் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. வெட்டின் காரணமாக ஆர்டரையே விட்டவருடைய தேவை எங்கும் பதிவாகாது. பதிவானது கொடுத்த மின்சாரம் மட்டுமே. கேட்ட மின்சாரம் அல்ல. தடைசெய்யப்பட்ட தேவையை மதிப்பிட்டுச் சேர்த்து ‘கட்டுப்பாடற்ற தேவை’ என்று ஒரு வரிசை போடுவார்கள். எவ்வளவு சேர்ப்பது என்பது மறுபடியும் மேசையில் எடுக்கும் முடிவு. பற்றாக்குறை உச்சத்தில் இருந்த காலத்தில் எழுதப்பட்ட 18-வது ஆய்வு, தேங்கிக் கிடக்கும் தேவை பெரிது என்று நம்பியதில் வியப்பில்லை. எட்டு ஒன்பது சதவீதப் பொருளாதார வளர்ச்சியைத் திட்டக்குழு இயல்பென்று பேசிய காலமும் அதுதான். 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தின் வழியே 36 கோடிக்கும் அதிகமான எல்இடி பல்புகள் வீடுகளுக்குப் போகும், 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் 9 வாட் பல்பு எரியும் என்று 2011-இல் எந்தத் தரவுத் தொடரும் காட்டியிருக்காது.

போக்கை நீட்டும் முறையைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். அமெரிக்காவில் 1970-களின் தொடக்கம் வரை மின்தேவை ஆண்டுக்கு 7 சதவீதம் கூடிவந்தது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பு. அவ்வளவு சீரான கோடு கையில் இருக்கும்போது அதை நீட்டாமல் விட யாருக்கும் மனம் வரவில்லை. கூட்டு வளர்ச்சியின் கணக்கும் இரக்கமில்லாதது: 20,000 மெகாவாட் தேவை, 6 சதவீதத்தில் வளர்ந்தால் பதினைந்து ஆண்டில் 48,000-ஐத் தொடும், 8 சதவீதத்தில் வளர்ந்தால் 63,000-ஐத் தாண்டும். பொருளாதாரச் சமன்பாடு இதைவிட நேர்மையானது, ஏனென்றால் வருமானமும் விலையும் தேவையை எப்படி அசைக்கின்றன என்று சொல்லிவிட்டுத்தான் கணக்குப் போடுகிறது. ஆனால் மின்தேவையை அறிய மொத்த உள்நாட்டு உற்பத்தியை முதலில் அறியவேண்டும்; அது மின்தேவையைவிடக் கணிக்கக் கடினமானது. அங்கேதான் அரசியல் உள்ளே வருகிறது. பிரிட்டனில் 1965-இல் வந்த தேசியத் திட்டம், 1964 முதல் 1970 வரை உற்பத்தி 25 சதவீதம் கூடும் என்ற இலக்கை வைத்தது. மின்துறை அந்த இலக்குக்கு ஏற்ப நிலையங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. வளர்ச்சி அந்த அளவுக்கு வரவில்லை, நிலையங்கள் மிஞ்சின. அரசாங்கத்தின் விருப்பத்தை உள்ளீடாகப் போட்டால் எந்தச் சமன்பாடும் விருப்பத்தைத்தான் வெளியே தரும்.

கணிப்பு எப்படித் தன்னையே பொய்யாக்கும் என்பதற்கு, எனக்குத் தெரிந்தவரை, அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் நடந்ததைவிடத் தெளிவான சான்று கிடையாது. கொலம்பியா ஆற்று அணைகளின் மலிவான நீர்மின்சாரத்தில் வாழ்ந்த பகுதி அது. 1970-களில் அங்கிருந்த மின்விநியோக அமைப்புகள் ஒவ்வொன்றும் தன் பகுதியின் எதிர்காலத் தேவையைச் சொல்ல, அவற்றைக் கூட்டி வட்டாரக் கணிப்பு உருவானது. ஆலை உரிமையாளர் விஷயத்தில் பார்த்த அதே கூட்டல்தான். பற்றாக்குறை நிச்சயம் என்று அது சொன்னது. வட்டாரத்தின் மொத்த விற்பனையாளரான பொன்வில் மின் நிர்வாகம் 1976-இல், 1983-க்குப் பிறகு எல்லோருக்கும் மின்சாரம் தர உறுதிசொல்ல முடியாது என்று எச்சரித்தது. அங்குள்ள வாஷிங்டன் மாநிலத்தின் பொது மின்வழங்கல் அமைப்பு ஐந்து அணுமின் நிலையங்களைக் கையில் எடுத்தது. 4, 5-ஆம் நிலையங்களுக்கு 88 விநியோக அமைப்புகள் கையெழுத்திட்டன. நிலையம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் கடனைக் கட்டுவோம் என்பது ஒப்பந்தம்.

கட்டுமானச் செலவு ஏறிக்கொண்டே போனது. 1981-இல் ஐந்து நிலையங்களின் மதிப்பீடு 2,400 கோடி டாலரை நெருங்கியது. செலவைச் சுமக்க மின்கட்டணம் ஏறியது. கட்டணம் ஏறியதும், மலிவு மின்சாரத்தை நம்பி அறைகளைச் சூடேற்றிவந்த வீடுகள் சிக்கனத்துக்கு மாறின. அலுமினிய ஆலைகள் தடுமாறின. தேவை கணித்த வேகத்தில் வளரவில்லை. தேவை குறைந்தால் விற்கும் யூனிட் குறையும். அதே செலவைக் குறைந்த யூனிட்டில் பரப்பினால் கட்டணம் மேலும் ஏறும். கணிப்பை நம்பி எழுப்பிய நிலையமே கணித்த தேவையைக் கொன்றது. 1982 ஜனவரியில் 4, 5-ஆம் நிலையங்களைக் கைவிட்டார்கள். 1983 ஜூனில், அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட விநியோக அமைப்புகளுக்கு அதிகாரமே இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் 225 கோடி டாலர் கடன்பத்திரங்கள் வாராக்கடனாயின. அதுவரை அமெரிக்க உள்ளாட்சிக் கடன்பத்திரச் சந்தை கண்டிராத சரிவு அது. ஐந்தில் ஒரே ஒரு நிலையம், 1984-இல், மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது.

இந்தக் கதையில் அதே வட்டாரத்தின் சியாட்டில் நகரம் தப்பியது எப்படி என்பதுதான் நம் பேச்சுக்கு முக்கியம். 4, 5-ஆம் நிலையங்களில் பங்கு வாங்கலாமா என்று முடிவெடுக்கும் முன், 1990 வரையிலான தேவையைத் தனியே ஆராயச் சொன்னது நகர நிர்வாகம். ஆய்வு விலையைக் கணக்கில் சேர்த்தது: கட்டணம் ஏறினால் மக்கள் எவ்வளவு குறைப்பார்கள், சிக்கனத்துக்குச் செலவிட்டால் எத்தனை யூனிட் மிச்சமாகும். முடிவுகளைப் பொதுமக்கள் முன்னால் வைத்து விவாதித்தார்கள். 1976-இல் நகர்மன்றம் பங்கு வேண்டாம் என்று வாக்களித்தது. சமன்பாடு அங்கே உதவியது உண்மை. அதைவிட உதவியது, அனுமானங்கள் மேசைமேல் கிடந்தது. எவரும் எடுத்துப் பார்க்க முடிந்தது. ‘விலை ஏறினாலும் யாரும் குறைக்கமாட்டார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்க முடிந்தது.

அரசியல் அறிஞர் வில்லியம் ஆஷர் 1978-இல் இதே முடிவுக்கு வேறு வழியாக வந்தார். மக்கள்தொகை, பொருளாதாரம், எரிசக்தி, போக்குவரத்து எனப் பல துறைகளில் அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகச் செய்யப்பட்ட கணிப்புகளை எடுத்து நிஜத்தோடு ஒப்பிட்டார். எந்த முறையைப் பயன்படுத்தினார்கள் என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. உள்ளே வைத்த அடிப்படை அனுமானங்கள் சரியா தவறா என்பதே கணிப்பின் தலைவிதியைத் தீர்மானித்தது. காலாவதியான அனுமானத்தை விடாமல் இழுத்துக்கொண்டு போவதே மிகுதியான தவறுகளுக்கு ஊற்று என்றும் கண்டார். சமன்பாட்டை மேலும் நுணுக்கமாக்கினால் கணிப்பு மேம்படும் என்ற நம்பிக்கைக்கும் 1982-இல் ஓர் அடி விழுந்தது: கணிப்பு முறைகளை ஆராய்ந்த ஸ்பைரோஸ் மக்ரிடாகிஸ் 1,001 தரவுத் தொடர்களை வைத்து நடத்திய போட்டியில், சிக்கலான புள்ளியியல் முறைகள் எளிய முறைகளை வெல்லவில்லை. அவை குறுகியகாலக் கணிப்புகள். நீண்டகாலத்துக்கு அப்படியொரு போட்டி நடத்துவதே கடினம். மாநிலத்தின் மின்சாரத்தை நேரத்துக்கு நேரம் பங்கிட்டு அனுப்பும் லோடு டிஸ்பாட்ச் மையத்தில் நாளைய லோடைக் கணிக்கும் பொறியாளருக்கு மறுநாளே பதில் வந்துவிடும். பதினைந்து ஆண்டுக் கணிப்புப் போட்டவர், பதில் வரும்போது ஓய்வுபெற்றிருப்பார்.

அப்படியானால் கருத்தைக் கருத்தாகவே கேட்டு வாங்கும் முறைகள் மேலா? அவற்றுக்கு அவற்றுக்கான நோய்கள் உண்டு. ஒரு அறையில் பத்து நிபுணர்களை உட்கார வைத்தால் பதவியில் பெரியவர் சொன்னதை ஒட்டியே மற்றவர்கள் பேசுவார்கள். இதைத் தவிர்க்கத்தான் அமெரிக்க ஆய்வு அமைப்பான ராண்ட் நிறுவனத்தில் நார்மன் டால்கியும் ஓலஃப் ஹெல்மரும் 1950-களில் டெல்ஃபி முறையை உருவாக்கினார்கள். யார் என்ன சொன்னார் என்று தெரியாமல் ஒவ்வொருவரிடமும் மதிப்பீடு வாங்குவது, நடு மதிப்பையும் விலகி நிற்பவர்களின் காரணங்களையும் எல்லோருக்கும் அனுப்புவது, மறுபடி கேட்பது. முதல் சோதனையில் ராணுவக் கேள்வி ஒன்றுக்கு 50-லிருந்து 5,000 வரை சிதறிக் கிடந்த பதில்கள், கடைசியில் 167-க்கும் 360-க்கும் இடையில் வந்து குவிந்தன. குவிந்தது என்பதற்காகச் சரியாகிவிட்டது என்று பொருளில்லை. டெல்ஃபியைப் பயன்படுத்துகிறவர்கள் பலர் இறுதி நடு மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். என் பார்வையில் அதில் விலைமதிப்புள்ளது, விலகி நின்றவர் எழுதிய காரணம். ‘மின்ஆட்டோ இவ்வளவு வேகமாகப் பரவாது, சார்ஜ் செய்ய ஸ்டாண்டில் இடம் இல்லை’ என்று ஒருவர் எழுதினால், அது நடு மதிப்பில் கரைந்துபோகக்கூடாது.

ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக்கின் குழு வேறு பாதையில் போனது. ஒரே எண்ணைச் சொல்லாமல், நடக்கக்கூடிய சில எதிர்காலங்களைக் கதையாக எழுதி மேலாளர்கள் முன் வைத்தார்கள். எண்ணெய் உற்பத்தி நாடுகள் விலையைத் தூக்கக்கூடிய ஒரு காட்சி 1972-லேயே அவற்றில் இருந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. தரவுத் தொடரில் அதற்கு முன்னுதாரணம் இல்லை. அந்த நாடுகளின் நிலையில் இருந்து யோசித்துப் பார்த்ததால்தான் அந்தக் காட்சி கிடைத்தது.

மின்வாகனம், கூரைச் சூரியத்தகடு, தரவு மையம் போன்றவற்றுக்கு நீட்டுவதற்குப் பழைய கோடே இல்லை. 2022 நவம்பரில் வந்த 20-வது மின்சக்தி ஆய்வு மின்வாகனங்கள், கூரைச் சூரியமின்சாரம் ஆகியவற்றின் தாக்கத்தைக் கணக்கில் எடுத்தது. புதிய பொருள் பரவும் வேகத்துக்கு சந்தையியல் அறிஞர் ஃபிராங்க் பாஸ் 1969-இல் கொடுத்த மாதிரி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: தாமாக வாங்குபவர்கள் சிலர், பிறரைப் பார்த்து வாங்குபவர்கள் பலர், இரண்டும் சேர்ந்து எஸ் வடிவக் கோடு. சமன்பாடு அழகானது. ஆனால் மொத்தச் சந்தை எவ்வளவு, எந்தப் பழைய பொருளின் வேகத்தை இதற்கு ஒப்பிடுவது என்ற இரண்டையும் வெளியிலிருந்துதான் கொண்டுவரவேண்டும். மின்ஸ்கூட்டரைக் கைபேசியோடு ஒப்பிடுவதா, சாதாரண ஸ்கூட்டரோடு ஒப்பிடுவதா? விடை எந்தப் பக்கம் சாயும் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

எப்போதும் மிகையாகத்தான் கணிக்கிறார்கள், இருபது சதவீதம் வெட்டிவிட்டால் சரி என்று நினைப்பவர்களுக்கு 2023 பதில் சொன்னது. 1901-க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்ட் அந்த ஆண்டில் வந்தது. பம்ப்செட்டுகளும் ஏசிகளும் சேர்ந்து ஓடின. செப்டம்பர் 1 அன்று நாட்டின் உச்சத் தேவை 2,43,000 மெகாவாட்டைத் தாண்டியது. இரண்டே ஆண்டில் 20 சதவீத ஏற்றம். 2024 மே இறுதியில் 2,50,000-ஐத் தொட்டது. 19-வது ஆய்வு 2026-27-க்கு 2,98,774 மெகாவாட் என்றது. 20-வது ஆய்வு அதை 2,77,201 ஆக்கியது. கீழே இழுத்துத் திருத்திய சூட்டோடு தேவை மேலே பாய்ந்தது.

கணிப்பு தவறும் என்பதை ஏற்றுக்கொண்டால் கேள்வி மாறுகிறது: தவறினால் தாங்கும்படி எப்படித் திட்டமிடுவது? வடமேற்கு அமெரிக்காவே அதற்கும் வழி காட்டியது. 1980-இல் வந்த சட்டம் அங்கே ஒரு மின்திட்டக் குழுவை உருவாக்கியது. 1983-இல் வெளிவந்த அதன் முதல் திட்டத்தில் ஒற்றைக் கோடு இல்லை. உயர்வு, நடு-உயர்வு, நடு-தாழ்வு, தாழ்வு என்று நான்கு கோடுகள். தாழ்ந்த கோட்டுக்குத் தேவையானதை உடனே செய்வது. உயர்ந்த கோட்டுக்கு வேண்டியதை இடத்தேர்வு, வடிவமைப்பு, அனுமதி வரை கொண்டுவந்து நிறுத்திவைப்பது. தேவை உண்மையிலேயே ஏறினால் மட்டும் கட்டுவது. சிக்கனத்தையும் ஒரு மின்நிலையம் போலவே செலவு போட்டு ஒப்பிட்டார்கள். பெரிய நிலையத்தைவிடச் சின்னச் சின்னதாகச் சேர்க்கக்கூடியவற்றுக்கு இதனால் கூடுதல் மதிப்பு வந்தது. ஒரு யூனிட்டின் விலை கொஞ்சம் கூடினாலும், ஈராண்டில் கட்டி முடிக்கக்கூடியது என்பதற்கே ஒரு விலை உண்டு. சூரியமின்சாரத்தையும் பேட்டரியையும் பற்றி இங்கே நடக்கும் வாதங்களில் இந்த விலையை யாரும் பேசக் கேட்பது அரிது.

இந்தியாவில் 2023 ஜூனில் மின்துறை அமைச்சகம் வளப் போதுமைக்கான, அதாவது தேவைக்குப் போதுமான மின்சாரத்தை முன்கூட்டியே உறுதிசெய்வதற்கான, வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதன்படி விநியோக நிறுவனங்கள் பத்து ஆண்டுத் திட்டத்தை ஆண்டுதோறும் புதுப்பித்து ஒழுங்குமுறை ஆணையத்திடம் கொடுக்கவேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் பேரறிக்கையைவிட இது நல்ல ஏற்பாடு. பழைய அனுமானத்தை ஐந்து ஆண்டு இழுத்துக்கொண்டு போகவேண்டியதில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஒற்றை எண்ணை மாற்றி எழுதுவதோடு நின்றால் பயன் பாதிதான். கட்டண மனுக்கள்மீது பொதுமக்கள் கருத்துச் சொல்லச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தொழில் சங்கங்களும் நுகர்வோர் அமைப்புகளும் அங்கே வழக்கமாகக் கட்டண உயர்வைப் பற்றித்தான் பேசுகின்றன. அந்த உயர்வின் வேர் பத்து ஆண்டுக்கு முன் போட்ட ஒரு வளர்ச்சி விகிதத்தில் இருக்கலாம். ஆகவே கேட்கவேண்டிய தாள்கள் சில உண்டு. பம்ப்செட் யூனிட்டை எத்தனை மாதிரி மீட்டரை வைத்து மதிப்பிட்டார்கள், எச்.டி. லோடு எதிர்பார்ப்பில் எவ்வளவு கையெழுத்தான ஒப்பந்தம், எவ்வளவு வாய்ச்சொல். இழப்பு விகிதம் எதிர்பார்ப்பா, இலக்கா. சுமைக் காரணியை யார், எதை வைத்து முடிவுசெய்தார். கட்டணம் ஏறினால் தேவை குறையும் என்பது கணக்கில் இருக்கிறதா. கூடவே இன்னொரு பக்கம்: ஐந்து ஆண்டுக்கு முன் இதே நிறுவனம் இந்த ஆண்டுக்குச் சொன்ன எண், நிஜத்தில் வந்த எண், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தில் எந்த அனுமானத்தின் பங்கு எவ்வளவு.